யோபுவின் கதை கேட்ட நீலகண்ட பிள்ளை

ஆடிக் கிருத்திகை சமயத்தில் நமது மணவூர் ரெயில் நிலையத்தைக் கடந்து செல்லும் வண்டிகளில் காலை வைப்பதற்குக்கூட இடம் கிடைப்பது அரிது. சென்னைப் பக்கத்திலிருந்து வரும் ஜனங்கள் மஞ்சள் ஆடையும் புஷ்பக் காவடியுமாக அவற்றில் நிறைந்திருப்பார்கள். அரக்கோணம் வழியாகத் திருத்தணி சென்று, 365 படிகளையும் ஏறி, முருகப் பெருமானிடம் தங்கள் குறைகளைச் சொல்லிக்கொள்ளப் போகிறவர்கள் அவர்கள். ஒருவருக்குத் தீராத நோய். ஒருவருக்குக் கழுத்தளவு கடன். ஒருத்திக்குப் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த துயரம். குறைகள் பலவாயினும் அவற்றின் அடியில் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: "நான் என்ன பாவம் செய்தேன்? எனக்கு மட்டும் ஏன் இந்தத் துன்பம்?"

இந்தக் கேள்வி மலையேறுகிறவர்களுக்கு மட்டும் உரியதன்று. மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவரும் இதையே கேட்கிறார். மசூதியில் தொழுகிறவரும் இதையே கேட்கிறார். பள்ளிக்கூடத்து உபாத்தியாயராகிய நமக்கு ஒரு மாணவன் வாயிலிருந்து இக்கேள்வி வந்து சேர்ந்தது.

பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்த சமயத்தில் அவனுடைய தகப்பனார் திடீரென்று காலமாகிவிட்டார். துக்கம் விசாரிக்க வந்த உறவினர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது பையன் காதில் விழுந்திருக்கிறது. பத்து நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தவன், வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு நம் மேஜையருகில் தயங்கி நின்றான்.

"சார், என் ஜாதகத்தினால்தான் அப்பா போய்விட்டாராம். பெரியவர்கள் சொல்லுகிறார்கள். உண்மையா, சார்?"

"அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, தம்பி. வீட்டுக்குப் போய்ப் படி" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அது பதிலே அன்று என்பது அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

நமது வீட்டில் இரவு உணவுக்கு முன் வேத புத்தகத்தில் ஓர் அதிகாரம் வாசிப்பது வழக்கம். அன்று நாமே தேடி எடுத்தது பழைய ஏற்பாட்டிலுள்ள யோபுவின் சரித்திரம். அதை வாசிக்கையில், ஏறக்குறைய 280 ஆண்டுகளுக்கு முன் தெற்கே நாஞ்சில் நாட்டுப் பக்கத்தில் இதே கதையைக் கேட்டு வாழ்க்கையே மாறிப்போன ஒரு தமிழ் மகனுடைய நினைவு வந்தது. அவரைப் பற்றியே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

கோட்டையில் நடந்த உரையாடல்

இன்றைய கன்னியாகுமரி ஜில்லாவில் நட்டாலம் என்ற ஊரில் 1712-ஆம் ஆண்டு பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. திருவாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்ம மகாராஜாவின் அரண்மனைச் சேவகத்தில் அமர்ந்திருந்தார். அப்பொழுது பத்மநாபபுரமே ராஜதானி. செல்வாக்குள்ள குடும்பம், படித்த மனிதர், பார்கவி அம்மாள் என்ற பெண்மணியை மணந்து இல்லறம் நடத்தி வந்தார்.

1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி கொளச்சல் கடற்கரையில் திருவாங்கூர்ப் படை டச்சுக் கம்பெனியின் படையை முறியடித்தது. ஐரோப்பியர் வல்லமையை ஓர் இந்திய மன்னர் அடக்கிய அந்த வெற்றியை நம் நாட்டார் என்றும் மறவார். அங்கே சிறைப்பட்டவர்களில் டி லனாய் என்னும் அதிகாரியும் ஒருவர். மகாராஜா அவருடைய திறமையை அறிந்து, தம் சேனையைப் பயிற்றும் பொறுப்பை அவரிடம் ஒப்புவித்தார். 'வலிய கப்பித்தான்' என்று பெயர் பெற்ற டி லனாய், பிறகு திரும்பிப் போகவேயில்லை. 1777-ஆம் ஆண்டில் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். அவருடைய கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

இந்த டி லனாயோடு நீலகண்ட பிள்ளைக்குப் பழக்கம் ஏற்பட்டது. அச்சமயத்தில் பிள்ளையவர்களின் குடும்பத்துக்குப் பொல்லாத காலம். மாடுகள் மடிந்தன, பயிர் பொய்த்தது, கையிலிருந்த பொருள் கரைந்தது. தெய்வத்தின் கோபம் தம்மீது இறங்கிவிட்டதோ என்று அவர் கலங்கினார். வாடிய முகத்தைக் கண்டு காரணம் விசாரித்த டி லனாய், யோபு என்ற பக்தனுடைய கதையை அவருக்கு எடுத்துச் சொன்னாராம். கிறிஸ்தவர்களிடையே வழிவழியாக வந்துள்ள வரலாறு இது. ஒருவர் சொல்ல ஒருவர் கேட்ட கதையே ஒரு வாழ்க்கையைத் திருப்பிவிட்டது.

நாலு நண்பர்கள் சொன்ன நியாயம்

அந்தக் கதை என்ன? ஊத்ஸ் தேசத்தில் யோபு என்றொரு நல்ல மனிதன். ஏழு புத்திரர், மூன்று புத்திரிகள். ஏழாயிரம் ஆடுகள், மூவாயிரம் ஒட்டகங்கள். தேவ சபையில் அவனைப் பற்றி ஒரு வாதம் எழுகிறது. யோபு பக்தனாயிருப்பது லாபத்தைக் கருதித்தான். கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டால் பக்தியும் பறந்துவிடும் என்று சாத்தான் சவால் விடுகிறான். நம் நாட்டுக் குழந்தைகளுக்கு இது கேட்ட கதை போலவே தோன்றும். வசிஷ்டரும் விசுவாமித்திரரும் வாதாட, நடுவில் அகப்பட்ட ஹரிச்சந்திரனை நாம் அறிவோம் அல்லவா? ஹரிச்சந்திரனிடம் சோதிக்கப்பட்டது சத்தியம். யோபுவிடம் சோதிக்கப்பட்டது பலன் கருதாத பக்தி.

ஒரே நாளில் ஆஸ்தியும் மக்களும் போயின. பிறகு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை கொப்புளங்கள். யோபு சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுச் சில்லால் உடம்பைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான். அவனைப் பார்க்க எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் வருகிறார்கள். எலிகூ என்ற வாலிபனும் பிற்பாடு வந்து சேர்ந்துகொள்கிறான். மூவரும் முதல் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்ததும் கெடுத்துவிட்டார்கள். "நல்லவன் கெட்டதுண்டா? நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், ஒப்புக்கொள்" என்பதே அவர்களுடைய நீண்ட உபந்நியாசங்களின் சாரம்.

யோபு ஒப்புக்கொள்ளவில்லை. அழுகிறான், பிறந்த நாளைச் சபிக்கிறான், கடவுளையே வழக்குக்கு அழைக்கிறான். ஆனாலும் அவரை விட்டு விலகவில்லை. அவர் தன்னைக் கொன்று போட்டாலும் அவரையே நம்புவேன் என்கிறான். தன்னை மீட்கிறவர் உயிரோடிருக்கிறார் என்றும், தன் உடல் அழிந்த பிறகும் அவரைத் தான் காண்பது நிச்சயம் என்றும் சொல்லுகிறான்.

முடிவில் பெருங்காற்றினின்று கடவுள் பேசுகிறார். துன்பத்துக்குக் காரணம் என்னவென்று அவர் யோபுவுக்குச் சொல்லவேயில்லை. பூமிக்கு அஸ்திவாரம் போட்ட காலத்தையும், கடலின் ஆழத்தையும், காட்டு மிருகங்களுக்கு இரை கிடைக்கும் வகையையும் காட்டுகிறார். பிறகு அந்த மூன்று நண்பர்களைப் பார்த்து, நீங்கள் என்னைப் பற்றி யோபு பேசியதைப் போல் சரியானதைப் பேசவில்லை என்று கடிந்துகொள்ளுகிறார். கடவுளுக்காக வாதாடியவர்கள் குற்றவாளிகளானார்கள். கடவுளோடு வாதாடியவன் நல்லவனென்று தீர்ப்புப் பெற்றான்!

நீலகண்ட பிள்ளையின் நெஞ்சில் தைத்தது இதுவாகவே இருக்கவேண்டும் என்பது நமது துணிபு. மாடு மடிந்ததும் பயிர் பொய்த்ததும் தெய்வத்தின் வெறுப்புக்கு அடையாளமன்று. துன்பப்படுகிறவன் தள்ளப்பட்டவன் அல்லன். இந்தக் கருத்தின் முடிவைத்தான் கிறிஸ்தவர்கள் சிலுவையில் காண்கிறார்கள். ஒரு பாவமும் அறியாதவரே அடிபட்டு, அவமானப்பட்டு, கைவிடப்பட்டவராய் மாண்டார். மூன்றாம் நாள் எழுந்தார். ஆகையால் துன்பம் வந்தவிடத்தில் கடவுள் இல்லை என்று சொல்ல இனி ஒருவராலும் முடியாது. கிறிஸ்தவ நம்பிக்கை என்பது இதுவே. துன்பம் வராது என்ற நம்பிக்கையன்று அது. துன்பத்தினூடே கைவிடாத ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை.

பெரியோரும் தவறுவர்

யோபுவின் நண்பர்களைப் பரிகசிப்பது எளிது. ஆனால் அவர்களுடைய நியாயம் எவ்வளவு பெரியவர்களையும் மயக்க வல்லது. 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி பீஹார் மாகாணத்தில் பூகம்பம் உண்டாகி ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அச்சமயம் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காகத் தென்னாட்டில் பிரயாணம் செய்துகொண்டிருந்தார். அம்மாதம் 24-ஆம் தேதி திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்துக்காகக் கடவுள் அனுப்பிய தண்டனையே இப்பூகம்பம் என்ற கருத்தை வெளியிட்டார். கவி ரவீந்திரர் அதை மறுத்து எழுதினார். இயற்கையின் நிகழ்ச்சியை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடலாகாது என்பது அவர் வாதம். அந்த மறுப்பைக் காந்தியடிகள் தம்முடைய 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார்.

தீண்டாமை மகா பாவம் என்பதில் இருவருக்கும் வேற்றுமையில்லை. ஆயினும், இடிந்த வீட்டின் கீழ் நசுங்கிய பீஹார்க் குழந்தை யாரைத் தீண்டாதே என்று சொல்லிற்று? மலைப்பிரசங்கத்தை இளம் பிராயத்திலேயே படித்து நெஞ்சில் பதித்துக்கொண்ட மகாத்மாவும் இவ்விஷயத்தில் எலிப்பாஸின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. மகாத்மாவே சறுக்கிய இடத்தில் துக்கம் விசாரிக்க வந்த உறவினர்களை என்ன சொல்ல!

புதிய பெயர்

நீலகண்ட பிள்ளை திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்துக்குச் சென்றார். 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் தேதி அங்கே புத்தாரி என்னும் இயேசு சபைக் குருவினிடம் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு இட்ட பெயர் லாசர். 'கடவுள் உதவினார்' என்பது அந்த எபிரேயச் சொல்லின் பொருள்; அதைத் தமிழாக்கித் 'தேவசகாயம்' என்றார்கள். பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ அம்மாள் ஆனார்.

இந்தப் பெயரைச் சற்றுக் கவனிக்கவேண்டும். இயேசுநாதர் சொன்ன உவமைகளிலே ஒரே ஒருவனுக்குத்தான் பெயர் உண்டு. பணக்காரன் வீட்டு வாசலில் புண்களோடு கிடந்த ஏழை லாசரே அவன். பணக்காரனுக்கு அங்கே பெயரில்லை. அரண்மனை உத்தியோகஸ்தர் ஒருவருக்கு வாசலில் கிடந்த ஏழையின் பெயர் வாய்த்தது! குலத்தைச் சொல்லி மனிதனை அடையாளம் காட்டிய காலத்தில், உதவியைச் சொல்லி அடையாளம் காட்டும் பெயர் அது. அவர் தாழ்ந்த குலத்தாரென்று கருதப்பட்டவர்களோடு சரிசமமாகப் பழகினாரென்றும், அது பலருடைய பகைமையைக் கிளப்பிற்றென்றும் அவருடைய சரித்திரம் கூறுகிறது.

1749-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அவர் சிறைப்படுத்தப்பட்டார். தண்டனைக்குக் காரணம் மதமாற்றமா, ராஜாங்க விஷயமான குற்றச்சாட்டா என்பதில் சரித்திர ஆசிரியர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. மகாராஜாவின் சேனைத் தலைவர் டி லனாயே கிறிஸ்தவர் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். ஆகவே ஒரு மதத்தார்மேல் பழி சுமத்த இந்தச் சரித்திரத்தை எடுத்தாள்வது தகாது. அவர் பட்ட பாட்டை மட்டும் சொல்லுவோம். எருமையின் மேலேற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள், கசையால் அடித்தார்கள், காயங்களில் மிளகாய்ப் பொடி தூவினார்கள், மரத்தில் கட்டி வெயிலிலும் மழையிலும் விட்டுவைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. ஏறக்குறைய மூன்று வருஷம் இந்த நிலை. புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடியபோது அவர் முழங்கையால் தட்டிய பாறையில் நீர் சுரந்ததென்று ஜனங்கள் இன்றும் ஓரிடத்தைக் காட்டுகிறார்கள்.

தமக்கு முன்னே பாவம் செய்யாமல் சாம்பலில் உட்கார்ந்த ஒருவன் இருந்தான் என்ற நினைவு, மரத்தில் கட்டுண்டு கிடந்த அந்த நாட்களில் அவருக்கு எவ்வளவு துணையாயிருந்திருக்கும்! 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழிக்கு அருகேயுள்ள காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. யோபுவுக்குக் கதை முடிவில் இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. தேவசகாயத்துக்கு ஒன்றும் திரும்பவில்லை. ஆனாலும் அவர் பெற்ற பெயரை விடவில்லை. பலன் கருதாத பக்தி என்பது அதுதானே?

அவருடைய உடலின் எச்சங்கள் நாகர்கோவிலைச் சேர்ந்த கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டன. 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டமும், 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் தேதி ரோமாபுரியில் புனிதர் என்ற பட்டமும் அளிக்கப்பட்டன. குருவோ துறவியோ அல்லாத இந்திய இல்லறத்தார் ஒருவருக்கு அப்பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

கோவிலுக்குள் ஒரு சுவர்

இங்கே கிறிஸ்தவர்களாகிய நாம் தலைகுனிய வேண்டிய ஒரு செய்தியையும் மறைக்கலாகாது. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கோவில் இரண்டு கால்களைப் போலப் பிரிந்த அமைப்பில் கட்டப்பட்டது. வேளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம், நடுவே தடுப்பு. ஒரே பீடத்தைப் பார்த்துத் தொழுதவர்கள் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாதாம்! 1910-ஆம் ஆண்டில் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. இடித்தது தவறென்று சிலர் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு சென்னை ஹைகோர்ட்டு வரை போய்த் தோற்றது.

புனிதர் பட்டத்துக்கான முயற்சி நடந்த காலத்தில், அவருடைய பெயரோடு 'பிள்ளை' என்ற ஜாதிப் பெயரைச் சேர்க்கலாகாது என்று பலர் விண்ணப்பம் செய்துகொண்டார்கள். ரோமாபுரி அதை ஏற்றது. வெறும் தேவசகாயம் என்ற பெயரோடுதான் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1745-ல் அவர் பெற்ற பெயரை அவருடைய மதத்தாரே முழுமையாக ஏற்றுக்கொள்ள 277 ஆண்டுகள் சென்றன. வேத வாக்கியம் ஒரு மனிதனுக்குள் புகுவது ஒரு மாலைப்பொழுதில் நடந்துவிடலாம். ஒரு சமூகத்துக்குள் புகுவதற்கு நூற்றாண்டுகள் ஆகின்றன!

அடுத்த நிலையத்து அம்மை

இவ்வளவையும் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் நமக்கு வேறொன்று புலப்பட்டது. மணவூரிலிருந்து அரக்கோணம் செல்லும் வண்டியில் அடுத்த நிலையம் திருவாலங்காடு. காரைக்காலிலே புனிதவதியாகப் பிறந்து, கணவன் அஞ்சி விலகிப் போக, அழகையும் இளமையையும் உதறிவிட்டு வந்த அம்மையார் இறைவனுடைய நடனத்தைக் கண்டு பாடிய தலம் அது. அவரும் பழைய பெயரை விட்டவர். தம்மைக் 'காரைக்கால் பேய்' என்றே பாடல்களில் சொல்லிக்கொண்டார். இறைவனோ அவரை 'அம்மையே' என்றழைத்தான் என்று பெரிய புராணம் கூறும். இறைவன் தம் இடரைக் களையாவிட்டாலும், தம்மீது இரங்காவிட்டாலும், தாம் போகும் வழியைக் காட்டாவிட்டாலும் அவனிடம் கொண்ட அன்பு அறாது என்று அற்புதத் திருவந்தாதியின் தொடக்கத்திலேயே அம்மையார் பாடியிருக்கிறார். சாம்பலில் உட்கார்ந்த யோபுவின் சொல்லும் அதுவே அல்லவா?

இரண்டு மதமும் ஒன்றே என்று சொல்ல நாம் வரவில்லை. அவரவர் வேதம் அவரவர்க்கு. ஆனால் துன்பத்தைப் பாவத்தின் கூலி என்று கணக்கெழுதிக் கொடுப்பதற்கு இருவருமே சம்மதிக்கவில்லை என்பதைச் சொல்லாமலிருக்க முடியாது.

மறுநாள் மாலை அந்த மாணவனுடைய வீட்டுக்குப் போனோம். திண்ணையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தோம். யோபுவின் நண்பர்கள் முதலில் செய்ததை நாமும் செய்வதென்று தீர்மானித்திருந்தபடியால் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவனே அழுது ஓய்ந்து நிமிர்ந்தான். பிறகு சொன்னோம்:

"தம்பி, உன் அப்பா போனது உன்னால் அன்று. ஏன் போனார் என்பது எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லுகிறவர்களுக்கும் தெரியாது."

அவனுடைய வீட்டார் சைவர்கள். ஆகையால் நாம் யோபுவின் கதையைச் சொல்லவில்லை. திருவாலங்காட்டு அம்மையின் கதையைச் சொன்னோம். உள்ளேயிருந்து அவனுடைய தாயார் கதவோரம் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கதை முடிந்ததும், "இதை எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு தடவை சொல்லுங்கள், ஐயா" என்றார்.

அந்தப் பெரியவர்களிடமும் சொன்னோம். கேட்டவர்கள் சிலர், கேளாதவர் சிலர். பையன் பரீட்சை எழுதினான்.

நேயர்களே, துக்க வீட்டுக்கு நாம் எல்லோரும் போகத்தான் வேண்டியிருக்கிறது. போகும்போது யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் இருந்தபடி இருப்போம். எட்டாம் நாள் பேசியபடி பேசாதிருப்போம்.